பார்க்கிங் ஏசி: மெஷினைப் பார்ப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

சங்ககிரியில் இருந்தோ நாமக்கல்லில் இருந்தோ லோடு ஏற்றிப் போன வண்டி, மே மாதம் நாக்பூரில் அன்லோடிங்குக்குக் காத்து நிற்கிறது. இரவு 11 மணி ஆகியும் வெளியே 34, 35 டிகிரி. பகல் முழுக்க வெயில் வாங்கிய கேபின் தகடு உள்ளே இன்னும் அனலாக இருக்கிறது. ஸ்லீப்பரில் புரண்டு கொண்டிருப்பவர் விடிந்ததும் 400 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

2025 முதல் இந்தியாவில் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல சட்டம்தான், வர வேண்டிய காலத்தைத் தாண்டி வந்தது. ஆனால் கம்பெனி ஏசியின் கம்ப்ரஸர் என்ஜின் பெல்ட்டில் ஓடுகிறது. என்ஜினை அணைத்தால் ஏசியும் நின்றுவிடும். டிரைவர் தூங்குகிற எட்டு மணி நேரத்துக்கு அதனால் பயன் இல்லை. என்ஜினை அணைத்த பிறகும் பேட்டரியில் ஓடுவதுதான் பார்க்கிங் ஏசி. அந்த எட்டு மணி நேரத்துக்கு என்ன வாங்குவது என்பதுதான் இங்கே பேச்சு.

என்ஜினை ஐடிலில் விட்டுத் தூங்குவது பலரும் செய்வது. ஆறு லிட்டர் அளவுள்ள என்ஜின் ஏசியோடு ஐடிலில் ஓடினால் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் டீசல் குடிக்கும். மணிக்கு 2 லிட்டர், 8 மணி நேரம், லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலே ஒரு இரவுக்கு 1,440 ரூபாய். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டியில் இன்னொரு செலவும் உண்டு. ஐடிலில் புகைச் சூடு குறைவு. அதனால் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். எரிப்பதற்காக அதிகப்படியாகப் பீய்ச்சும் டீசலில் ஒரு பங்கு என்ஜின் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்க வைக்கும். இதையெல்லாம் விட முக்கியம், உயிர். வண்டிகள் நெருக்கி நிற்கும் யார்டில் பக்கத்து வண்டியின் சைலன்சர் புகை உங்கள் கேபினுக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

மாற்று வழிகள் மூன்று நான்கு இருக்கின்றன. அமெரிக்காவில் டீசலில் ஓடும் சின்ன என்ஜின் ஒன்றைச் சேஸியில் தனியாக மாட்டிக்கொள்வார்கள். கலிபோர்னியாவில் 2008 முதல் ஸ்லீப்பர் லாரிகளும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஐடிலில் நிற்கக் கூடாது என்பதால் அங்கே அது பரவியது. அந்த யூனிட்டின் எடை கிட்டத்தட்ட 200 கிலோ. அங்கே அந்த எடைக்குச் சட்டத்திலேயே 550 பவுண்டு வரை சலுகை உண்டு. நமக்கு அப்படிச் சலுகை இல்லை, எடை ஏறினால் லோடு குறையும். சர்வீஸ் செய்ய ஆளும் கிடைக்காது. விட்டுவிடலாம்.

தண்ணீர் கூலர் வகை மலிவு. பத்து ஆம்பியருக்குள் ஓடும். ஆனால் எந்த ரூட் என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நாக்பூரில் 43 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 15 சதவீதம் இருந்தால், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 22, 23 டிகிரி காட்டும். கூலர் அந்த அளவை நெருங்கிக் குளிர்விக்கும். சென்னைத் துறைமுகத்தில் இரவு 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதே தெர்மாமீட்டர் 27-க்குக் கீழே இறங்காது. அங்கே கூலர் போட்டால் கேபினுக்குள் புழுக்கம்தான் ஏறும். ராஜஸ்தான், விதர்பா ரூட்டிலேயே சுற்றும் வண்டிக்குக் கூலர் நல்ல முடிவு. கொச்சி, மும்பை, காண்ட்லா போகும் வண்டிக்கு வேண்டாம். கூலர் ஓடும்போது ஜன்னலை நான்கு விரல் திறந்து வைக்க வேண்டும் என்பதையும் டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டு ஏசியை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டுவதும் நடக்கிறது. சாதாரண வீட்டு கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்கப் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். 24 வோல்ட்டை 230 ஆக்குவதிலேயே நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு வீண். இன்வெர்ட்டர் ஏசி என்றால் ஸ்டார்ட் மெதுவாக இருக்கும். ஆனாலும் வீட்டுச் சுவரில் அசையாமல் இருப்பதற்காகச் செய்த செப்புக் குழாய் லாரியின் ஆட்டத்தைத் தாங்காது. குழாய் வளைவுகளில் கீறல் விட்டுக் கேஸ் போய்விடும்.

ஆக மிச்சம் இருப்பது 24 வோல்ட்டில் நேராக ஓடும் பார்க்கிங் ஏசி. அதிலும் முதலில் தெரிய வேண்டியது, விளம்பரத்தில் இருக்கும் டன் கணக்கை எப்படிச் சோதிப்பது என்பது.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (குளிர்ச்சியை அளக்கும் அலகு), அதாவது 3,500 வாட் குளிர்ச்சி. இந்த அளவு டிசி மெஷின்கள் ஒரு வாட் கரண்ட் எடுத்தால் இரண்டு, மிஞ்சிப் போனால் இரண்டரை வாட் குளிர்ச்சி தரும். "10,000 பிடியு, 20 ஆம்பியர்தான் எடுக்கும்" என்று ஒருவர் சொன்னால் மனக்கணக்காகவே போட்டுப் பாருங்கள். 24 வோல்ட், 20 ஆம்பியர், 480 வாட். 10,000 பிடியு என்பது 2,930 வாட். ஆறு மடங்கு. அப்படி ஒரு மெஷின் கிடையாது. 480 வாட் எடுக்கும் மெஷின் ஆயிரம், ஆயிரத்து இருநூறு வாட் குளிர்ச்சி தரும். அந்த அளவு இரவுக்குப் போதும் என்பதுதான் நல்ல செய்தி. கம்ப்ரஸர் வேகம் கூடிக் குறையும் மாடலா, ஃபுல்லில் எத்தனை ஆம்பியர், எக்கோவில் எத்தனை ஆம்பியர் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஃபுல்லில் 30 முதல் 40, எக்கோவில் 15 முதல் 20 என்று சொன்னால் நம்பலாம்.

இரவில் கேபினுக்கு எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்? தடுப்பு எதுவும் இல்லாத வெறும் தகட்டுக் கேபின், வெளிக்கும் உள்ளுக்கும் 10, 12 டிகிரி வித்தியாசம் என்றால், சுவரும் டாப்பும் மட்டுமே 700, 800 வாட் சூட்டை உள்ளே விடும். உள்ளே 10 முதல் 12 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டினால் அது பாதியாகக் குறையும். படுத்திருக்கும் ஆள் ஒருவருக்கு 80, 100 வாட். டிரைவர், கிளீனர் இருவர், கொஞ்சம் வெளிக்காற்று எல்லாம் சேர்த்து, தடுப்புப் போட்ட கேபினுக்கு 800 முதல் 1,000 வாட் போதும். மெஷினுக்கு ஆகும் கரண்ட் சராசரி 18, 20 ஆம்பியர்.

கேபின் இல்லாமல் வரும் கவுல் சேஸி வாங்கிப் பட்டறையில் கட்டிய பழைய கேபின் என்றால் ஏசி வாங்கும் பேச்சையே பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கதவு இடுக்கு, பெடல் துவாரம், கியர் ராடு பூட், வயர் போகும் ஓட்டை வழியாக வரும் சூடான காற்றை எந்த ஏசியாலும் வெல்ல முடியாது. ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டு வெளியே நின்று பார்த்தால் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். அங்கெல்லாம் ரப்பர் பீடிங்கும் ஃபோமும் வையுங்கள். என்ஜின் மூடி தனிக் கவனம் கேட்கும் இடம். வண்டி நின்ற பிறகும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அது கீழிருந்து சூட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அலுமினிய ஃபாயில் பூசிய கனமான தடுப்பு போடுங்கள். சீட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் கனத்த திரை, கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வெள்ளித் தாள். குளிர்விக்க வேண்டிய இடம் பாதியாகிவிடும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு மெஷின் விலையில் சின்னப் பங்குதான். முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்று அடித்துச் சொல்வோம்.

பகல் 2 மணிக்கு மொட்டை வெயிலில் நிற்கும் வண்டியை பேட்டரி ஏசி சில்லென்று ஆக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அப்போது 2,000 வாட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். இது தூங்குவதற்கான மெஷின்.

பேட்டரி கணக்கு

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பேட்டரியிலேயே ஏசியை மாட்டித் தருகிறேன் என்பார்கள். ஏஎச் என்பது எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற பெருக்கல் கணக்கு. இரண்டு 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 150 ஏஎச். ஏஎச் இரட்டிக்காது. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, மிச்சம் 75 ஏஎச். 20 ஆம்பியர் எடுத்தால் நாலு மணி நேரம்கூட வராது. அதோடு வண்டி பேட்டரி செல்ஃப் எடுப்பதற்காகச் செய்தது. மெல்லிய தட்டுகள், கொஞ்ச நேரம் நிறைய கரண்ட் கொடுக்கும் வேலை. தினமும் பாதி வரை இறக்கினால் தட்டு உதிர்ந்து ஒரு வருஷத்துக்குள் போய்விடும். காலையில் செல்ஃப் எடுக்காமல் நடு யார்டில் நிற்பது அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும்.

செல்ஃப் பேட்டரியைத் தொடவே கூடாது. ஏசிக்கென்று தனி பேட்டரி வேண்டும். 24 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் பாஸ்பேட் என்றால் 90 சதவீதம், 180 ஏஎச் எடுக்கலாம். 20 ஆம்பியர் கணக்கில் 9 மணி நேரம். எடை 40, 45 கிலோ. கிட்டத்தட்ட இதே வேலையை லெட் ஆசிட் வகையான டியூபுலர் பேட்டரியில் செய்ய 150 ஏஎச் நான்கு வேண்டும். எடை 200 கிலோவைத் தாண்டும், குண்டு குழியில் ஆசிட் வழியும், வைக்க இடமும் கிடையாது. கையில் பணம் குறைவு என்றால் மெஷினைச் சின்னதாக வாங்குங்கள், பேட்டரியைக் குறைக்காதீர்கள்.

லித்தியம் பேட்டரியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பிஎஸ்6 வண்டியில் சைலன்சர் பெட்டி பக்கம் கொதிக்கும். அந்தப் பக்கம் வைத்தால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் சூட்டில் கட் ஆகும், "பேட்டரி மோசம்" என்று பெயரும் வரும். எதிர்ப்பக்கச் சேஸியில் ரப்பர் புஷ் வைத்த மூடிய பெட்டியிலோ, படுக்கைக்கு அடியில் பட்டை போட்டு இறுக்கியோ வையுங்கள். காஷ்மீர், ஹிமாச்சலில் ஆப்பிள் ஏற்றப் போகும் வண்டிக்கு இன்னொரு எச்சரிக்கை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லை சார்ஜ் செய்யக் கூடாது. அந்தப் பாதுகாப்பு உள்ள பிஎம்எஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

சார்ஜ், என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் இருந்துதான் வர வேண்டும். நடுவில் வெறும் ரிலே மட்டும் போடும் வழக்கம் இருக்கிறது, அது தப்பு. காலியான லித்தியம் பேட்டரி கிடைத்த கரண்டை எல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றும். சார்ஜ் நிரம்பி பிஎம்எஸ் திடீரென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடு போகும், என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் ஆபத்து. கரண்டை அளவோடு விடும் 24-க்கு 24 டிசி டிசி சார்ஜர் போடுங்கள், இக்னிஷன் போட்டால் மட்டும் ஓடும்படி. ஆல்டர்னேட்டர் 80 ஆம்பியர் என்றால், இரவில் ஹெட்லைட், ஈசியூ, ஃபேன் எல்லாம் 30, 40 எடுத்துவிடும். அதற்கு 30 ஆம்பியர் சார்ஜர்தான் சரி. 120-க்கு மேல் இருந்தால் 40 போடலாம். இரவு செலவான 150 ஏஎச்-ஐ 30 ஆம்பியர் சார்ஜர் 5 மணி நேர ஓட்டத்தில் நிரப்பும், 40 ஆம்பியர் நாலு மணி நேரத்தில். நாளெல்லாம் ஓடும் வண்டிக்கு இது சிரமம் இல்லை. இரண்டு நாள் லோடுக்குக் காத்து நிற்கும் வண்டிக்கு இரண்டாம் இரவு ஏசி கிடைக்காது. கன்டெய்னர் வண்டி என்றால் மேலே 400 வாட் சோலார் போட்டு, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏசி ஓடும் அளவு சார்ஜை ஒரு பகலில் மீட்கலாம். தார்பாய் கட்டும் திறந்த பாடியில் அதற்கும் இடம் இல்லை.

வயர்

மெஷினோடு வரும் வயரைப் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியிருக்கும். பேட்டரியில் இருந்து டாப் வரை 6 மீட்டர், போக வர 12 மீட்டர். 35 ஆம்பியர் ஓடும்போது 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர் கனம்) செப்பு வயரில் 1.2 வோல்ட் விழும். 16 ஸ்கொயரில் அரை வோல்ட்கூட விழாது. கிட்டில் வருவது அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய வயராக இருந்தால் 6 ஸ்கொயரில் 2 வோல்ட் வரை போகும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். பத்து நிமிஷம் ஓடி "லோ வோல்டேஜ்" காட்டி நின்றுவிடும் மெஷின்களில் பலவற்றுக்குக் காரணம் வயர். பேட்டரி நன்றாகவே இருக்கும்.

16 ஸ்கொயர் செப்பு, 60 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு முழத்துக்குள். நெகட்டிவ்வைச் சேஸியில் பிடிக்காமல் நேராக பேட்டரிக்கே கொண்டு போங்கள். வயர் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். சேஸி ஓரத்தில் உரசும் இடமெல்லாம் கன்ட்யூட். கேபின் டில்ட் ஆகும் இடத்தில் வயருக்குத் தளர்வு வைத்து, ஒருமுறை கேபினைத் தூக்கிப் பார்த்தே முடிக்க வேண்டும்.

பேட்டரி இறங்கினால் மெஷினை நிறுத்தும் லோ வோல்டேஜ் கட் எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள். பல மெஷின்கள் 21 வோல்ட்டில் செட் ஆகி வருகின்றன. லெட் ஆசிட்டுக்கு அது சாவுமணி. அதில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் 23.6-இல் வையுங்கள். லித்தியம் பாஸ்பேட்டுக்கு 24.

மாட்டுவது

டாப்பில் ஒரே கட்டையாக உட்காரும் வகையும், பின்சுவரில் சூட்டை வெளியே தள்ளும் கன்டென்சர், உள்ளே தனி ஊதி என்று பிரிந்த வகையும் இருக்கின்றன. டாப்பில் இடம் இருந்தால் ஒரே கட்டைதான் எங்கள் தேர்வு. கேஸ் கம்பெனியிலேயே அடைத்து வருகிறது, நட்டு போடும் ஜாயின்ட் இல்லை, கசிய இடம் இல்லை. பிரிந்த வகையில் ஹோஸ் ஜாயின்ட் ஆட்டத்தில் தளரும். பின்சுவருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்தில் என்ஜின் சூடும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் முடியும் என்றால், 30 நிமிஷத்துக்குக் குறையாமல் வேக்கம் போட்டு, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அதைத் தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். கை வைத்துப் பார்த்து கேஸ் ஏற்றும் ஆளிடம் கொடுக்காதீர்கள். பெல்ட் ஏசிக்கு ஊற்றும் ஆயிலை இதில் ஊற்றவும் கூடாது. கம்ப்ரஸர் மேல் என்ன ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும்.

டாப்பை அறுக்கும்போது குறுக்கு ரிப்பை வெட்டிவிட்டால் கேபின் தளர்ந்துவிடும். மெஷின் 25 முதல் 35 கிலோ. இரண்டு ரிப்பிலும் உட்காரும்படி உள்ளே ஆங்கிள் ஃபிரேம் கொடுங்கள், ஃபைபர் டாப் என்றால் கட்டாயம். அறுத்த விளிம்பில் ஜிங்க் பிரைமர் பூசாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். டாப் கேரியரில் தார்பாயும் கயிறும் அடுக்கும் வழக்கத்தை மாற்றியாக வேண்டும். சூடான காற்று வெளியேறும் பக்கத்தைத் தார்பாய் அடைத்தால் பிரஷர் ஏறி மெஷின் நிற்கும்.

வேலைக்கு முன் ஆர்டிஓ ஆபீஸிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. புது வண்டியின் வயரிங்கில் கை வைத்தால் வாரன்டி என்ன ஆகும் என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டும் முறையும் பாதி பலன் தரும். நிறுத்துவதற்கு அரை மணி முன்பே கம்பெனி ஏசியை ஃபுல்லில் வைத்துக் கேபினைக் குளிரவிட்டு, என்ஜினை அணைப்பதற்கு முன் பார்க்கிங் ஏசியைப் போட்டுவிடுங்கள். பிறகு 26, 27-இல் வைத்தால் போதும். 18-இல் வைத்தால் கம்ப்ரஸர் இரவெல்லாம் ஃபுல்லில் ஓடி மூன்று மணிக்கே பேட்டரி முடியும். வெளிக்காற்றுத் துவாரம் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும், இருவர் படுக்கும் சின்ன அறை அது. அடுப்பு எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வேண்டாம்.

சிமென்ட், நிலக்கரி, சாம்பல் ஏற்றும் வண்டிக்குக் கன்டென்சரை வாரம் ஒருமுறை ஊத வேண்டும். உள்ளிருந்து வெளியே, மெதுவான காற்றில். டயருக்குப் பிடிக்கும் பிரஷரில் ஊதினால் ஃபின் மடங்கிவிடும். படுக்கையில் தண்ணீர் சொட்டினால் கேஸ்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் டிரெயின் ஓட்டையைக் குத்திப் பாருங்கள். ஐஸ் கட்டினால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் பணம் கொடுப்பதற்கு முன் கிளாம்ப் மீட்டர் கேளுங்கள், டிசி அளப்பது. ஃபுல்லில் எத்தனை ஆம்பியர், பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், மெஷின் முனையில் எத்தனை வோல்ட். இரண்டு வோல்ட்டுக்கும் வித்தியாசம் 0.7-க்கு மேல் இருந்தால் வயரை மாற்றச் சொல்லுங்கள். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே ஊதும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். முதல் இரவை வெளியூர் லோடில் சோதிக்காதீர்கள். ஊரிலேயே வண்டியை நிறுத்தி, டிரைவரும் கிளீனரும் உள்ளே படுத்து, எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, காலையில் செல்ஃபைத் திருப்பிப் பாருங்கள். முதல் திருகலிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டால் பட்டறைக்காரருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.